உப்புத் தண்ணீரும் ஒரு ஹெரால்டும்

பழைய காரின் உடம்பைப் பெயின்ட்டுக்குத் தயார் செய்வது எப்படி என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய கையேடுகளில் இரண்டு பொருள்கள் அடிக்கடி வந்துபோகும்: சுத்தமான பருத்தித் துணி, சுத்தமான தண்ணீர். இவை எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதைப் படிக்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும். ஊரே துணி, அதில் சுத்தமானது எது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தண்ணீரின் கதை ஊரறிந்தது.

நான் சாயப்பட்டறை லேபில் வேலை பார்ப்பவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்பது அறுபதுகளில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கேயே செய்தது. வரைந்தவர் ஜியோவன்னி மிகெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அம்பாசடரும் ஃபியட்டும் ரோட்டை ஆண்ட காலத்தில் கொஞ்சம் ரசனையுள்ளவர்கள் வாங்கிய வண்டி இது என்பது என் அபிப்பிராயம். ஃபியட்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான கார் கிடையாது. அதற்குக் காரணம் ஒரு பழைய வியாபாரச் சண்டை. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிப்போட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போகவே, பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி ஹெரால்டை அமைத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்றைக்கு நமக்கு வசதி. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாயும். கழற்றி இரண்டு பேர் தூக்கி வாசலில் வைத்துவிடலாம்.

கழற்றுவது எளிது என்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து பூட்டினால் கதவுச் சந்து மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று நிற்கும். அப்புறம் தட்டிக்கொட்டிச் சரிசெய்யும்போது புதுப் பெயின்ட் பெயரும். வெறும் தகடாக இருக்கும்போதே முழு வண்டியையும் ஒரு தடவை பூட்டி, சந்துகளைப் பார்த்து, எந்த போல்ட்டுக்கு அடியில் எத்தனை வாஷர் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, மறுபடி கழற்ற வேண்டும். அலுப்பான வேலைதான். வேறு வழியில்லை.

பழைய தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தகட்டைக் காப்பாற்றுவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை.

பெயின்ட்டை உரிப்பதற்கு முன்னால் ஒரு காந்தம் வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிக் காரின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும். பள்ளத்தை அடைக்கப் பூசிய பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். ஹெரால்டில் கதவின் அடி, கதவுக்குக் கீழே ஓடும் சில், ஹெட்லைட்டைச் சுற்றிய இடம், டிக்கியின் தரை ஆகியவை முதலில் துரு ஏறிப் போகும். என் வண்டியில் ஒரு கதவின் அடியில் காந்தம் ஒரு சாண் தூரத்துக்கு எதையுமே பிடிக்கவில்லை. உரித்துப் பார்த்தால், முன்பு எப்போதோ யாரோ ஓட்டைக்குள் சாக்குத் துணியைத் திணித்து, மேலே பட்டி பூசி, வழவழவென்று தேய்த்து முடித்திருக்கிறார்கள். தேய்த்தவர் கைவேலையில் குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உரிப்பதற்குச் சாண்ட் பிளாஸ்டிங் கொடுத்தால் ஒரே நாளில் முடியுமே என்பார்கள். சேசிஸுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பானெட், கூரை, கதவின் வெளித்தகடு போன்ற அகலமான பரப்புக்கு வேண்டவே வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட வராத தகடு அது. மணல் அடிக்கிற அடியில் ஒரு பக்கம் மட்டும் விரிந்து உப்பிக்கொள்ளும். பெருவிரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போய், விட்டால் ‘டொக்’ என்று வெளியே வரும். பெயின்ட் ரிமூவரும் சுரண்டுகிற பிளேடும் இருந்தால் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் தகடு தப்பிக்கும். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

துரு எடுக்க பாஸ்பாரிக் அமிலம் கலந்த கரைசல் கடையில் கிடைக்கிறது. பூசினால் துரு கரைந்து தகடு சாம்பல் நிறத்துக்கு வரும். பார்க்க நன்றாக இருக்கும், அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். அமிலம் மிச்சமிருக்கும் தகட்டில் எபாக்ஸி பிரைமர் ஒழுங்காகப் பிடிக்காது. நன்றாகக் கழுவ வேண்டும். கழுவின பிறகு ஈரத்தின் மேல் ஒரு பி.எச். தாளை ஒட்டிப் பார்க்க வேண்டும். சாயப்பட்டறையில் ஒவ்வொரு சாயக் குளியலும் (பாத்) முடிந்ததும் செய்கிற வேலைதான் இது. பைசா செலவில்லாத இந்தச் சோதனையைக் கார்ப் பட்டறைகளில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

தகடு வெளுத்த பிறகு டிங்கர் அண்ணன் வந்தார். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் தொழில் பழகியவர். கதவைச் சாய்வாக வைத்துக்கொண்டு நான் டார்ச் அடித்துப் பார்ப்பதை ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்தார்.

“கண்ணுல பாக்காதீங்க தம்பி, ஏமாத்திப்போடும். வீட்டுல பழைய பனியன் இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்து கொடுத்ததும் அதை ஒற்றை மடிப்பாகத் தகட்டின் மேல் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கதவின் நீளவாக்கில் தோளிலிருந்து இழுத்தார். விரல் நுனியால் தடவுவதில்லை. வெறுங்கை தகட்டில் ஒட்டும், வேர்வை இழுக்கும். நடுவில் மெல்லிய பின்னல் துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், மேடும் பள்ளமும் மட்டும் உள்ளங்கைக்குத் தெரியும். கைப்பிடிக்குக் கீழே ஒரு இடத்தில் நிறுத்தி, சாக்பீஸால் வட்டம் போட்டார். நான் எத்தனை டார்ச் அடித்தும் அங்கே ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்துக்கு அடியில் டாலி என்ற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்த மேட்டில் மட்டும் சுத்தியலால் பொட்டுப்பொட்டாகத் தட்டினார். டாலியின் மேலேயே நேராக அடித்தால் தகடு விரியும், பக்கத்தில் அடித்தால் மேடு இறங்கிப் பள்ளம் ஏறும். மறுபடி பனியனை விரித்துத் தடவச் சொன்னார். வட்டம் போட்ட இடத்தில் கை தங்கவில்லை.

சுத்தியலால் முடிந்தவரை முடித்துவிட்டால் பட்டி குறையும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி கேட்கிற இடம் இன்னும் டிங்கர் வேலை பாக்கியிருக்கிற இடம். முதலில் பட்டியா, முதலில் பிரைமரா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. நான் பிரைமர் கட்சி. உரித்த தகட்டை எபாக்ஸி பிரைமரால் மூடிவிட்டால் அதற்குப் பிறகு வேலையை ஆற அமரப் பார்க்கலாம்; வார நாளில் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் என்று இருக்கிறவனுக்கு வெறும் தகட்டை வாரக்கணக்கில் திறந்து போட்டுவைக்க முடியாது. ரெட் ஆக்சைடை ஒரு கோட் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிரில் கேட்டுக்கு அது சரி.

பட்டிக்கு ஹார்ட்னர் கலப்பது எடைக்கு 2 சதவீதம் என்று டப்பாவில் இருக்கும். எல்லோரும் கண்ணளவில்தான் கலப்பார்கள். சித்திரை வெயிலில் நான்கைந்து நிமிஷத்துக்குள் கையிலேயே இறுகிவிடும் என்று பயந்து குறைத்தால் மாவாக நிற்கும். மார்கழிக் குளிரில் சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால், மிச்சமான பெராக்சைடு மேலே ஏறி, வெள்ளைப் பெயின்ட்டில் மாதங்கள் கழித்து மஞ்சள் கறையாகத் தெரியும். லேபில் மில்லிகிராம் தராசு வைத்திருக்கிறவன் கண்ணளவில் கலந்தால் சாமி கண்ணைக் குத்தும்.

இனி தண்ணீர்.

இங்குள்ள பட்டறைகளில் பட்டியைத் தேய்க்கிற முறை நமக்கெல்லாம் தெரியும். ஒரு வாளி தண்ணீர், அதில் நனைத்த ஸ்பாஞ்சு, ஒரு வாட்டர் பேப்பர். ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே தேய்ப்பார்கள். சுண்ணாம்புக் குழம்பாகத் தரையில் ஓடும். தூசி இல்லை, பேப்பரும் நீடிக்கும். ஆனால் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சின ஈரம் காய்ந்ததுபோலத் தெரியும், முழுதாகக் காய்ந்திருக்காது. அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்தால் காரியம் கெட்டது.

எங்கள் தண்ணீரில் ஏன் உப்பு என்பதைச் சாயப்பட்டறைக்காரன் சொல்லாமல் யார் சொல்வது? பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு பாத்தில் லிட்டருக்கு 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை உப்புப் போடுகிறோம். சாயம் துணியில் தங்கும். உப்பு தங்காது, கழிவோடு வெளியே போகும். அது பல வருடம் நொய்யலில் போனது, மண்ணில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பைத் தனியே பிரித்து, திரும்ப பாத்திலேயே போடுகிற நிலைக்கு வந்திருக்கிறோம். ஆனால் ஏற்கெனவே இறங்கினது இறங்கினதுதான். எங்கள் பக்கத்தில் போர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 2000-ஐத் தாண்டுவது யாருக்கும் ஆச்சரியமில்லை.

அந்தத் தண்ணீரை ஊற்றித் தகட்டைத் தேய்த்தால், ஈரம் காய்ந்த பிறகு உப்பு அங்கேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் பிரைமர், அதன்மேல் பெயின்ட். பெயின்ட் படலம் தண்ணீரை முழுசாகத் தடுப்பதில்லை. ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். உள்ளே உப்பு இருந்தால் அது வெளியிலுள்ள ஈரத்தைப் படலத்தின் வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆர்.ஓ. பிளான்ட்டில் நாங்கள் மின்சாரம் செலவழித்துப் பம்ப் வைத்து எதிர்த்திசையில் தள்ளுகிற அதே விஷயம்தான். இங்கே பெயின்ட்டே சவ்வு, பம்ப் கிடையாது என்பதால் இயற்கை தன் திசையில் நடக்கும். இரண்டு மழைக்காலம் போனால் பானெட்டில் கடுகளவு கொப்புளங்கள் எழும்பும். உடைத்துப் பார்த்தால் உள்ளே தண்ணீரும் அடியில் துருவும். பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார்கள், பெயின்டரைத் திட்டுவார்கள். வாளியை யாரும் திட்டுவதில்லை.

வெறும் தகட்டையும் பட்டியையும் உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும் என்பதே என் தீர்மானம். அதற்கு நல்ல மாஸ்க் வேண்டும், வாக்குவம் இருந்தால் நல்லது. தண்ணீர் வைத்துத் தேய்ப்பதைக் பிரைமருக்கு மேல் அடிக்கும் கடைசி சர்ஃபேசர் கட்டத்துக்கு ஒதுக்கிவிடலாம். அதற்கும் நல்ல தண்ணீர்தான். பவானி ஆற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் போதும். அமிலம் கழுவுவதற்கும் அதுவே. கடைசி அலசல் மட்டும் வீட்டு ஆர்.ஓ.வில் பிடித்த தண்ணீரில். ஒரு கேன் இருந்தால் நான்கு கதவு அலசலாம். ஆர்.ஓ.விலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் வண்டி கழுவுங்கள் என்று ஒரு நல்லெண்ண யோசனை ஊரில் உலவுகிறது. பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவுங்கள்; வெறும் தகட்டின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

துணியின் சங்கதி இதைவிடச் சூட்சுமமானது. பெயின்ட் அடிப்பதற்கு முன் கரைப்பான் தொட்டுத் தகட்டைத் துடைக்க வேண்டும். அதற்குப் பட்டறைகள் எல்லாம் வாங்குவது கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட். மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற தன்மை எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்க வேண்டும். பருத்தி நூலில் நிட்டிங்குக்காக மெழுகு தடவியிருக்கிறது. நிட்டிங் மெஷினில் ஊசி எண்ணெய் பட்டிருக்கிறது. சாயம் போட்டு முடிந்ததும் கடைசியில் சாஃப்ட்னர் கொடுக்கிறோம், பெரும்பாலும் சிலிக்கான். தைக்கிற பவர் டேபிளில் ஊசி சூடாகாமல் இருக்கவும் நூல் அறாமல் இருக்கவும் தடவுகிற எண்ணெயிலும் சிலிக்கான் உண்டு. ஏற்றுமதி பனியனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்குகிறவருக்கு இது வரப்பிரசாதம். பெயின்ட்டுக்கு எமன். சிலிக்கான் பட்ட இடத்தை ஈரப் பெயின்ட் நனைக்காது, விலகி ஓடும். அடித்த சில நொடிக்குள் சின்னச் சின்ன வட்டக் குழிகளாகத் திறந்துகொள்ளும். ஃபிஷ் ஐ என்று பெயின்டர்கள் சொல்வது இதைத்தான். துடைக்கத் துடைக்கக் குறைய வேண்டியது, அந்தத் துணியால் துடைக்கத் துடைக்கக் கூடும்.

நல்ல துணியைக் கண்டுபிடிக்க எங்கள் லேபில் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. துணியை வளையத்தில் இழுத்து மாட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எத்தனை நொடியில் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. சாதாரண சிலிக்கான் போட்ட துணியில் சொட்டு முத்தாக நிற்கும், தள்ளிவிடலாம். ஆனால் இதை முழுக்க நம்பக் கூடாது. இப்போது தண்ணீரை உறிஞ்சுகிற சிலிக்கான் சாஃப்ட்னர்களும் வந்துவிட்டன. அவை போட்ட துணி சொட்டைச் சட்டென்று குடித்துவிடும், சிலிக்கானும் உள்ளேயே இருக்கும். ஆகவே சோதனையைவிடத் துணி எந்தக் கட்டத்தில் வெளியே வந்தது என்பதே முக்கியம். ஸ்கவரிங், பிளீச்சிங் முடிந்து, சாயத்துக்குத் தயாராக நிற்கிற, சாஃப்ட்னர் பார்க்காத வெள்ளைத் துணிதான் வேண்டும். மெழுகும் எண்ணெயும் போயிருக்கும், சிலிக்கான் வந்திருக்காது. தெரிந்த சாயப்பட்டறையில் கேட்டால் லாட்டின் நுனியில் வெட்டிக் கொடுப்பார்கள். நிட்டிங்கிலிருந்து அப்படியே வருகிற கிரே துணி வேண்டாம். அதில் எண்ணெய் அப்படியே இருக்கிறது. டிங்கர் அண்ணனுக்குக் கொடுத்த மாதிரிப் பழைய பனியன் கையால் தடவிப் பார்க்க உத்தமம். கடைசித் துடைப்புக்கு அதுவும் வேண்டாம். வீட்டில் துவைக்கும்போது எந்த கம்ஃபர்ட்டில் முக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

துடைக்கும்போது இரண்டு துணி. ஒன்றில் கரைப்பான் நனைத்துத் துடைத்து, அது ஆவியாவதற்குள் மற்றொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியில் துடைத்துக் காயவிட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

காலம் பார்ப்பதும் இங்கே முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நல்லது. ஈரப் பிரைமர் மேல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். பக்கத்துத் தெருவில் நிட்டிங் ஓடினால் பஞ்சு வேறு பறக்கும். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் பிரைமர் அடிக்க நல்ல வாரம் பொங்கல் விடுமுறைதான். பனியன் கம்பெனிகள் மூடி, பாதி ஊர் சொந்த ஊருக்குப் போயிருக்கும்; காற்றில் பஞ்சும் இல்லை, மழையும் இல்லை. ஒரு எச்சரிக்கை, காலையில் தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், பனி கண்ணுக்குத் தெரியாமல் அதில் படியும். வெயில் ஏறித் தகடு கைக்கு வெதுவெதுப்பாகிற வரை ஸ்ப்ரே கன்னைத் தொடாமல் இருப்பது நல்லது. இன்னொரு எச்சரிக்கை, ஹார்ட்னர் கலந்த பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. பனியன் துணி மாஸ்க் அதற்கு ஒரு தடையே அல்ல. கடைசிக் கலர் கோட்டை நான் வீட்டில் அடிப்பதில்லை, காற்றுக் குழாய் முகமூடி உள்ள பூத்துக்குக் கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம்.

பூத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்று பாக்கி. சர்ஃபேசர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்புப் பெயின்ட்டை மிக லேசாகத் தூவிவிட்டு, நீளமான கட்டையில் 320 பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். மேட்டில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் தங்கும். மேட்டில் தகடு எட்டிப்பார்த்தால் நிறுத்திவிட்டு மறுபடி பிரைமர். கறுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக மறைகிற வரை இது நடக்கும். விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் விரல் இறங்கித் தேய்த்துவிடும், கறுப்பு பொய் சொல்லும். பிறகு 400, அதற்குப் பிறகு 600. நிறையப் பேர் பொறுமை இழப்பது இங்கேதான், அதுவும் பளபளப்பான கறுப்புக் கலருக்கு ஆசைப்படுகிறவர்கள். கறுப்பு எதையும் மறைக்காது.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் வீட்டில் பழைய ஹெரால்டோ ஃபியட்டோ அம்பாசடரோ வைத்துக்கொண்டு இந்த வருடம் பெயின்ட் அடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள், பட்டறையில் கலர் கார்டைப் புரட்டுவதற்கு முன், அங்கே வாளியில் இருக்கும் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், துடைக்கிற துணியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு தெரிந்த சாயப்பட்டறை லேபுக்குப் போங்கள். மீட்டரும் சொட்டுச் சோதனையும் ஐந்து நிமிஷ வேலை. யாரும் காசு கேட்க மாட்டார்கள்.